முதற் சம்பளமும் மூன்று பங்காளரும்

கல்வி முடிந்து உத்தியோகம் ஏற்பவருடைய வாழ்விலே நிகழும் மாற்றங்களுட் பெரியது, மாத முடிவில் அவர் பெயருக்கு ஒரு தொகை வந்து சேர்வதாகும். அதுவரையிற் பஸ் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பெற்றோரின் கையை நோக்கியிருந்தவர், இப்பொழுது தாமே கொடுப்பவராகின்றார். ஆணாயினும் பெண்ணாயினும் இம்மாற்றம் ஒன்றே. ஆயினும், பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் பல ஆண்டுகள் பயின்றவர்க்கு, அத்தொகையை எவ்வாறு பங்கிடுவது என்பது பெரும்பாலும் ஒரு பாடமாகச் சொல்லப்படுவதில்லை. பிழை செய்து கற்றுக்கொள்ளலாம் என விட்டுவிடுவதும் தக்கதன்று. முதல் ஆறு மாதங்களிற் படிகின்ற பழக்கம் பின்னர்ப் பல ஆண்டுகளுக்கு நிலைத்துவிடுகின்றது.

சம்பளம் ஒருவர் பெயரில் வந்தாலும் அதற்குப் பங்காளர் மூவர் உளர். படிப்பித்து ஆளாக்கிய வீடு முதலாவது பங்காளர். இன்று உண்டு, உடுத்து, வேலைக்குச் சென்று வருகின்றவர் இரண்டாவது பங்காளர். முப்பது ஆண்டுகளின் பின், உழைக்கும் வலிமை குறைந்து, அமர்ந்திருக்கப்போகும் அதே மனிதர் மூன்றாவது பங்காளர். வீடு தன் பங்கைத் தொலைபேசியிற் கேட்கும். இன்றைய உடல் பசியாலும் ஆசையாலும் கேட்கும். மூன்றாமவரோ வாய் திறப்பதில்லை. வாய் திறவாதவருடைய பங்கே முதலில் மறக்கப்படுகின்றது. இம்மூவருக்கும் நீதி வழங்கும் ஒழுங்கே சம்பளத்தை ஆளும் முறையாகும்.

இவ்வொழுங்கில் முதற்கண் அறியவேண்டியது, உண்மையிற் கைக்கு வரும் தொகை எவ்வளவு என்பதாகும். நியமனக் கடிதத்திற் காணப்படும் தொகை ஒன்று. வங்கிக் கணக்கில் விழும் தொகை மற்றொன்று. தனியார் துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் பணிபுரிவோருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதியம் அமைக்கப்பட்டது. வழக்கில் ஈ.பி.எவ். எனப்படுவது இதுவே. ஊழியருடைய சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 8 வீதத்துக்குக் குறையாத தொகை கழிக்கப்பட்டு இந்நிதியத்தைச் சேர்கின்றது. தொழில் வழங்குபவர் தம் பங்காக நூற்றுக்கு 12 வீதத்துக்குக் குறையாமற் சேர்த்துக் கட்டவேண்டும். இவற்றுக்குப் புறம்பாக, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, தொழில் வழங்குபவரே நூற்றுக்கு 3 வீதம் செலுத்துதல் வேண்டும். அரசாங்கத்தின் ஓய்வூதிய உரித்துடைய நிரந்தரப் பதவிகளில் இருப்போருக்கு ஒழுங்கு வேறு.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவருடைய நிதியத்துக்குரிய மாதச் சம்பாத்தியம் 75,000 ரூபா என வைத்துக்கொள்வோம். அவருடைய 8 வீதம் 6,000 ரூபா. ஆகவே கைக்கு வருவது 69,000 ரூபா. ஆனால் அவர் பெயரில் சேமலாப நிதியத்திற் சேர்வது 6,000 மட்டுமன்று. தொழில் வழங்குபவரின் 9,000 ரூபாவும் கூடி அது 15,000 ஆகின்றது. நம்பிக்கை நிதியத்தில் 2,250 ரூபா வேறாகச் சேரும். ஓராண்டில் முன்னையது வட்டியின்றியே 1,80,000 ரூபா. பின்னையது 27,000 ரூபா. சம்பளம் குறைந்துவிட்டதே எனச் சலித்துக்கொள்ளும் இளைஞர், அந்தக் குறைவுக்குள்ளே இருக்கும் இந்த வளர்ச்சியைக் காண்பதில்லை. வாய் திறவாத மூன்றாம் பங்காளருக்காகச் சட்டம் பேசிய பேச்சு இஃது எனலாம்.

ஆயினும் சட்டம் இருப்பதால் மட்டும் பணம் சேர்ந்துவிடாது. தொழில் வழங்குபவர் தாம் கட்டவேண்டிய 12 வீதத்தை ஊழியருடைய சம்பளத்திலிருந்து கழித்தல் முறையன்று. கழித்த தொகை நிதியத்துக்கு உண்மையிற் சென்று சேர்கின்றதா என்பதையும் ஊழியரே கவனித்தல் வேண்டும். இதற்கென மூன்று செயல்கள் போதும். முதல் மாதத்திலேயே உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டுப் பெறுதல் ஒன்று. தேசிய அடையாள அட்டையிலுள்ளவாறே பெயரும் இலக்கமும் பதியப்பட்டனவா எனப் பார்த்தல் மற்றொன்று; ஓரெழுத்து மாறினாலும் பிற்காலத்திற் பணம் பெறும்போது அலைச்சல் மிகும். பின்னுரித்தாளரின் பெயரைப் பதிவு செய்தல் மூன்றாவது. மாதந்தோறும் சம்பளப் பட்டியலைப் பெற்று ஒரு கோவையில் வைத்திருப்போருக்குப் பின்னாளில் முறைப்பாடு செய்ய நேர்ந்தாற் சான்று கையிலேயே இருக்கும். முறைப்பாட்டை ஏற்குமிடம் தொழிற் திணைக்களத்தின் அலுவலகமாகும்.

வருமான வரியைப் பற்றியும் புதியவர்க்கு ஐயம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம் ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபா வரையிலான வருமானத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மாதக் கணக்கில் அது 1,50,000 ரூபா. இவ்விலக்கின்படி மேற்கூறிய உதாரணத்தில் உள்ளவரின் சம்பளத்தில் வரிக்கழிவு இராது.

இனி, முதற் சம்பளத்துக்கு முந்திய மாதத்தை நோக்குதல் வேண்டும். பெரும்பாலான தொல்லைகள் அங்கேயே வேர்கொள்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ கொழும்புக்கு வேலைக்கு வருபவர், சம்பளம் பெறுமுன் ஒரு மாதம் உண்டு உறங்கவேண்டும். அறைக்கு முற்பணம் கேட்பர். அலுவலகத்துக்கேற்ற இரண்டு மூன்று உடுப்புகளும் சப்பாத்தும் வேண்டும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நாள்தோறும் பணம் போகும். இத்தொகையை முன்னரே எண்ணிப் பாராது வருபவர், அறைத் தோழரிடம் ஐந்நூறும் அலுவலக நண்பரிடம் ஆயிரமுமாகச் சிறுகடன் பல பட்டுவிடுகின்றார். முதற் சம்பளம் வந்த அன்றே அது பல கைகளிற் பிரிந்து போகின்றது. இரண்டாம் மாதத்துக்கு மீண்டும் கடன். இவ்வாறு ஒரு மாதத்துக் குறை ஓராண்டுக்கும் தொடரும்.

இதற்குப் பரிகாரம் எளிது. புறப்படுமுன் தாளில் எழுதிக் கணக்கிட்டு, கடன் வேண்டுமாயின் ஒருவரிடம் ஒரு முறையில் வாங்குதல் நன்று. திருப்பிக் கொடுக்கும் நாளையும் அப்பொழுதே சொல்லி, மூன்று அல்லது நான்கு மாதத் தவணையில் அதனை முடித்துவிடலாம். அலுவலகத்தில் மாதந்தோறும் சம்பள முற்பணம் கேட்கும் வழக்கத்தை ஆரம்பியாதிருத்தல் மிக நல்லது. இம்மாதத்துக் குறையை வருகின்ற மாதத்துக்குத் தள்ளுவதன்றி அது வேறொன்றும் செய்வதில்லை.

அடுத்து வருவது வீட்டின் பங்கு. மூன்று பங்குகளுள் இதுவே மனத்தை மிக வருத்துவது. மகளைப் படிப்பிப்பதற்காகத் தாயின் காப்பு அடைவில் இருக்கலாம். தந்தை கூட்டுறவுச் சங்கத்திற் கடன் எடுத்திருக்கலாம். தம்பியின் படிப்பு இன்னும் முடியாதிருக்கலாம். இந்நிலையில், வீட்டுக்கு ஒன்றும் அனுப்பாது தமக்கே வைத்துக்கொள் என ஒருவருக்குப் புத்தி சொல்வது மேல்நாட்டு நூல்களுக்குப் பொருந்தலாம். நம் நாட்டுக் குடும்பங்களுக்குப் பொருந்தாது. அந்தக் கடன் அன்பினால் ஏற்பட்டது, அன்போடு அடைக்கப்படவேண்டியது.

ஆயினும் அதனை அடைக்கும் முறையிலே தவறு நேர்கின்றது. நியமனக் கடிதத்திலுள்ள பெரிய தொகையையே ஊரார் அறிகின்றனர், உறவினரும் அறிகின்றனர். கைக்கு வருவது எவ்வளவு, அறைக்கும் உணவுக்கும் போவது எவ்வளவு என்பதை வெளியிற் சொல்லப் பிள்ளைக்கு வெட்கம். கேட்கப் பெற்றோருக்குக் கூச்சம். ஆகவே பிள்ளை முதல் மாதத்திற் பெருந்தொகை அனுப்புகின்றது, வீடு மகிழ்கின்றது. மாதந்தோறும் அவ்வளவு வரும் என நம்பிப் பெற்றோர் ஒரு சீட்டிலும் சேர்ந்துவிடுகின்றனர். நான்காம் மாதத்தில் அத்தொகையை அனுப்ப இயலாதபோது பிள்ளை உண்மையைச் சொல்லாது கடன் வாங்கி அனுப்புகின்றது. இரு பக்கத்தாரும் ஒருவர் மேல் ஒருவர் கொண்ட அன்பினாலேயே இருவரும் கடனாளராகின்றனர்.

வன்னியிலே குளத்து நீரை நம்பிப் பயிர் செய்வோர் இவ்வாறு செய்வதில்லை. இரணைமடு போன்ற குளங்களின் கீழ்ச் சிறுபோகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பது அங்கே வெளிப்படையாகச் சொல்லப்படும். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது தீர்மானிக்கப்பட்ட பின்னரே நீர் திறந்துவிடப்படும். நீரின் அளவை மறைத்துவிட்டு, எல்லாருடைய வயலுக்கும் வாக்குக் கொடுத்தால், கதிர் வரும் காலத்தில் எல்லாருடைய வயலும் காயும். குடும்பத்திலும் இத்தகைய கூட்டம் ஒன்று வேண்டும். முதற் சம்பளம் பெற்றவர், சம்பளப் பட்டியலைப் பெற்றோர் முன் வைத்து, கைக்கு வருவது இவ்வளவு, கொழும்பில் வாழ இவ்வளவு, மாதந்தோறும் தவறாது அனுப்பக்கூடியது இவ்வளவு எனச் சொல்லிவிடுதல் வேண்டும். ஒரு மாதம் 30,000 அனுப்பி மறுமாதம் ஒன்றும் அனுப்பாதிருப்பதைவிட, மாதந்தோறும் 12,000 தவறாது அனுப்புவது வீட்டுக்கும் நன்மை. அதை நம்பித் தந்தை அடைவு நகையை மீட்கும் நாளையும் கணக்கிடலாம்.

கைக்கு வரும் 69,000 ரூபாவைப் பங்கிடும் வகை ஒன்றை உதாரணமாகக் காட்டலாம். இருவர் சேர்ந்து எடுத்த அறையில் ஒருவர் பங்கு 12,000, உணவு 25,000, போக்குவரத்து 6,000, வீட்டுக்கு 12,000, சேமிப்பு 7,000, தொலைபேசி, உடுப்பு, மருந்து, சவர்க்காரம் முதலியவற்றுக்கும் நண்பரோடு கழிக்கும் பொழுதுக்கும் 7,000. இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப இத்தொகைகள் மாறும். மாறக்கூடாதது வரிசை ஒன்றே. சம்பளம் விழுந்த அன்றே வீட்டுப் பங்கும் சேமிப்புப் பங்கும் கணக்கை விட்டு நீங்கிவிடுதல் வேண்டும். செலவு செய்து மிஞ்சியதைச் சேமிப்போம் என்பவருக்கு மிஞ்சுவதில்லை. வங்கிக்கு ஒரு நிலையான கட்டளை கொடுத்துவிட்டால், மாதந்தோறும் குறித்த திகதியிற் குறித்த தொகை வேறு கணக்குக்குத் தானாகவே மாறிவிடும். அந்தக் கணக்குக்குப் பண அட்டை எடாதிருத்தல் மேலும் நல்லது.

அச்சேமிப்பு எதற்கு என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும். முதலாவது நோக்கம் இடர் வேளைக்குரிய கையிருப்பு. வேலை போனாலும், வீட்டிலே நோய் வந்தாலும், மூன்று மாதச் செலவைக் கடன் வாங்காது தாங்கும் தொகை அது. மாதம் 7,000 வீதம் சேர்த்தால் ஓராண்டில் 84,000 ரூபாவாகும். உணவுக்கும் அறைக்கும் போக்குவரத்துக்கும் மாதம் 43,000 செலவிடுபவருக்கு இஃது ஏறக்குறைய இரண்டு மாத வாழ்வு. பதினெட்டாம் மாதத்தில் 1,26,000 ஆகி மூன்று மாத வாழ்வை அணுகிவிடும். அக்கையிருப்பு உள்ளவர், மேலதிகாரியின் முறையற்ற சொல்லுக்கு அஞ்சியிருக்கத் தேவையில்லை. நல்ல வேலை வரும்வரை காத்திருக்கும் வலிமையும் அவருக்கு உண்டு.

சிறு சேமிப்புக்கு இந்நாட்டில் நெடிய வரலாறு உண்டு. 1832ஆம் ஆண்டிலேயே இலங்கைச் சேமிப்பு வங்கி தோன்றிற்று. 1885இல் தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி ஏற்பட்டுச் சிறு ஊர்களிலும் சேமிப்புக்கு வழி செய்தது. 1971ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அவை இணைக்கப்பட்டு, 1972இல் தேசிய சேமிப்பு வங்கி செயற்படத் தொடங்கியது. அங்கு வைக்கப்படும் வைப்புக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு. ஏனைய உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு என 2021இல் விதிக்கப்பட்டது. கூடிய வட்டி தருவோம் என எவர் வந்தாலும், அவர் மத்திய வங்கியின் உரிமம் பெற்றவரா என்பதே கேட்கவேண்டிய முதற் கேள்வி. உரிமமின்றி வைப்புத் திரட்டியோர் 2008ஆம் ஆண்டில் வீழ்ந்தபோது பலருடைய ஆயுட்காலச் சேமிப்பு அழிந்தது. ஆள் சேர்த்தால் பணம் பெருகும் எனப்படும் பிரமிட் திட்டங்களை வங்கித்தொழிற் சட்டம் தடைசெய்துள்ளது. அவற்றைப் பெரும்பாலும் கொண்டு வருபவர் அந்நியர் அல்லர். கூடப் படித்த நண்பரே என்பது புதிய உத்தியோகத்தர் அறிந்திருக்கவேண்டியது.

சீட்டைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். பத்துப் பேர் மாதம் 5,000 ரூபா கட்டிச் சுற்றில் ஒவ்வொருவராக 50,000 எடுக்கும் சீட்டு, அலுவலகங்களில் இன்றும் உயிரோடிருக்கும் பழைய வழக்கம். முதலில் எடுப்பவர் உண்மையிற் கடன் பெறுபவர். கடைசியில் எடுப்பவர் சேமிப்பவர். ஒருவரை ஒருவர் நன்கறிந்தோர் சிலர் கூடி நடத்துமிடத்து அது பயனுடையது. அறியாதார் பலர் சேருமிடத்து, எடுத்தவர் கட்டாது நின்றுவிட்டால், கடைசியில் இருப்பவருக்கு எழுத்தில் ஓர் ஆதாரமும் இராது.

சேமிப்பதாற் பயன் யாது, விலைவாசி எல்லாவற்றையும் விழுங்கிவிடுமே எனக் கேட்போர் உளர். அக்கேள்வி வீண் கேள்வியன்று. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஓராண்டில் விலைவாசி நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களுக்கு அது 94.9 வீதம். முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்க நேர்ந்தது. பின்னர்ப் பணவீக்கம் தணிந்தது. ஆயினும் தணிந்தது என்பதற்கு விலை பழைய இடத்துக்குத் திரும்பிற்று என்பது பொருளன்று. அக்காலம் புகட்டிய பாடம் சேமிப்பு வீண் என்பதன்று. கையில் ஒன்றுமின்றிக் கடனோடு நின்றவர் எல்லாரிலும் முதலில் வீழ்ந்தார் என்பதும், நெடுங்காலத்துக்குரிய பணம் முழுவதையும் ஒரே வகையில் வைத்தல் ஆகாது என்பதும் அது தந்த பாடங்கள். விலையோடு கூடவே வளரக்கூடிய பொருள் ஒருவருடைய தொழிற் திறமையாகும். ஆகவே ஒரு மொழியையோ ஒரு தொழிற் பரீட்சையையோ கற்பதற்கு இடும் பணமும் மூன்றாம் பங்காளருக்கே சேரும்.

கடனில் நல்லதும் தீயதும் உண்டு. புதிய உத்தியோகத்தரைத் தேடிவரும் கடன் அட்டை, மாத முடிவில் முழுத் தொகையும் கட்டுபவருக்கு ஒரு வசதி. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுபவருக்கு ஒரு பொறி. 40,000 ரூபா நிலுவைக்கு மாதம் 2.5 வீத வட்டி எனக் கொண்டால், வட்டியே 1,000 ரூபா. 2,000 ரூபா கட்டியவர் பாதிக் கடனையல்ல, 1,000 ரூபாவை மட்டுமே குறைத்தவராவார். தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுப்பவரும் மாதத் தவணையை மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. மாதம் 15,000 வீதம் 36 மாதம் என்றால் மொத்தம் 5,40,000 ரூபா. வண்டியின் விலை 4,00,000 ஆயின், பொறுமையின்மைக்குக் கொடுத்த விலை 1,40,000 ரூபா.

1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகம், வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் ஒருவர் பெற்ற கடனையும் அதை அவர் கட்டிய ஒழுங்கையும் பதிந்து வைக்கின்றது. இருபத்து நான்கு வயதிற் கட்டாது விட்ட சிறு தவணை, முப்பத்து நான்கு வயதில் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கியாரின் கேள்வியாகத் திரும்பி வரலாம். பிறர் கடனுக்குப் பிணை நிற்பதும் இத்தகையதே. பிணைக் கையெழுத்து நட்புக்கு அடையாளமன்று; அவர் கட்டாவிடில் இவர் கட்டுவார் என்னும் வாக்குறுதி. அத்தொகையைத் தாமே கட்ட இயலுமா என எண்ணி, இயலாதெனின் தொடக்கத்திலேயே மறுத்துவிடுதல் நட்பையும் காக்கும்.

வேலை மாறுவோரும் கணக்குப் பார்த்தே மாறுதல் நலம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட இடத்தில் ஐந்தாண்டு சேவை முடித்து விலகும் மாதச் சம்பள ஊழியருக்கு, சேவை செய்த ஒவ்வோராண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உரியது. நான்கு ஆண்டும் பத்து மாதமும் கழிந்தபின், சிறு சம்பள உயர்வுக்காக விலகுபவர் இரண்டரை மாதச் சம்பளத்தை விட்டுச் செல்கின்றார். ஊழியர் சேமலாப நிதியப் பணமோ வேலை மாறினாலும் அழிவதில்லை. பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனைப் பெறலாம். புதிய இடத்தில் வேறோர் உறுப்பினர் இலக்கம் கிடைக்கும்போது, பழைய இலக்கத்தையும் அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும்.

இவையெல்லாவற்றுக்கும் தேவையானது பெரிய சம்பளமன்று. ஒரு கொப்பியும், மாதத்தில் ஒரு நாளில் அரைமணி நேரமுமே. வந்தது, போனது, வீட்டுக்குச் சென்றது, சேர்ந்தது என நான்கு நிரல்கள் போதும். முதல் மூன்று மாதமும் கணக்குப் பிழைக்கும். நான்காம் மாதத்திலிருந்து ஒழுங்கு தெரியத் தொடங்கும். சம்பள உயர்வு கிடைக்கும் ஒவ்வொரு முறையும், உயர்ந்த தொகையிற் பாதியைச் செலவுக்கு விட்டு மற்றப் பாதியை வீட்டுக்கும் சேமிப்புக்கும் பகிர்ந்துவிட்டால், வாழ்க்கையின் வசதியும் மெல்ல உயரும். பங்காளர் மூவருள் எவரும் ஏமாற்றப்படார்.